அலுமினிய ஆக்சைடு கனிமங்களின் மேற்பரப்பு மின்சுமையும் அயனிக் கவர்ச்சியும்

குருந்தம், கிப்சைட், போமைட் முதலிய அலுமினிய ஆக்சைடு, ஹைட்ராக்சைடு கனிமங்களின் துகள்கள் நீரில் நனைந்ததும் மேற்பரப்பில் மின்சுமை பெறுகின்றன. அந்தச் சுமையாலும், மேற்பரப்பு அணுக்களோடு நேரடியாக ஏற்படும் பிணைப்பாலும் நீரில் கரைந்துள்ள அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. இதுவே அயனிகளின் பரப்புக் கவர்ச்சி. பாக்சைட்டிலும் வெப்பமண்டலச் செம்மண்ணிலும் உள்ள இக்கனிமங்களின் இந்த இயல்பை மண்ணியல், சுரங்கத் தொழில், குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய மூன்று துறைகளும் நெடுங்காலம் தனித்தனியே ஆராய்ந்தன.

மண் அயனிகளைப் பிடிக்கிறது என்பதை முதலில் முறையாகக் காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜான் தாமஸ் வே. மண்ணில் ஊற்றிய அம்மோனியம் உப்பிலிருந்து அம்மோனியா மட்டும் தங்கிவிட, அதற்கு ஈடாகச் சுண்ணாம்பு வெளியேறுவதை 1850இல் அவர் விளக்கினார். அது எதிர்மின்சுமை கொண்ட களிமண்ணின் வேலை. அலுமினியம், இரும்பு ஆக்சைடுகள் மிகுந்த மண்ணில் நிலைமை வேறு என்பதை 1930களில் சுவீடன் மண்ணியலாளர் சான்டே மாட்சனின் ஆய்வுகள் தெளிவாக்கின. மின்சுமை கொண்ட பரப்பை ஒட்டி அயனிகள் அடுக்காக நிற்பதற்கான கோட்பாட்டை ஹெல்ம்ஹோல்ட்ஸ் தொடங்கிவைத்தார். கூய் (1910), சாப்மன் (1913), ஸ்டெர்ன் (1924) அதை விரிவாக்கினர்.

ஆக்சைடுகளின் மின்சுமை அவற்றின் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளிலிருந்து வருகிறது. அமில நீரில் அவை புரோட்டானை ஏற்று நேர்மின்சுமையும், கார நீரில் அதை இழந்து எதிர்மின்சுமையும் கொள்கின்றன. இரண்டும் ஈடாகும் பிஎச் அளவே சுழி மின்சுமைப் புள்ளி. ஆக்சைடுகளுக்கான இந்த அளவுகளைத் திரட்டி ஜார்ஜ் பார்க்ஸ் 1965இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் அடிப்படை நூல்போல் பயன்படுகிறது. அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடின் பொடிகளுக்கு இது பெரும்பாலும் 8க்கும் 9க்கும் இடையில் அமைகிறது. குவார்ட்ஸுக்கோ 2, 3 அளவில்தான். அதனால்தான் சாதாரணக் கிணற்று நீரில் மணல் விட்டுவிடும் புளூரைடு, பாஸ்பேட், ஆர்சனேட் போன்ற எதிரயனிகளை அலுமினா பிடித்துக்கொள்கிறது.

மின்கவர்ச்சி மட்டும் போதுமான விளக்கம் அன்று. ஆஸ்திரேலியாவில் ஹிங்ஸ்டன், போஸ்னர், குவிர்க் ஆகியோர் கிப்சைட்டிலும் இரும்புக் கனிமமான கீத்தைட்டிலும் செய்த ஆய்வுகள், எதிரயனிகள் பரப்பு ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்வதைக் காட்டின. மறுபுறம், வால்டர் ஸ்டும்மும் அவருடைய மாணவர் சி. பி. ஹுவாங்கும் காமா அலுமினாவில் நேரயனிகளை ஆராய்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டனர். பரப்பிலுள்ள ஒவ்வொரு ஹைட்ராக்சிலையும் ஒரு வேதி வினைபடுபொருளாகக் கருதிச் சமநிலை மாறிலி எழுதலாம் என்ற பரப்பு அணைவுக் கோட்பாடு இதிலிருந்தே வலுப்பெற்றது. இத்துறையின் மிகப் பெரிய திருப்பம் இதுவே என்று சொல்லத் தயக்கமில்லை.

அடுத்த கேள்வி, எந்தப் படிக முகம் அயனிகளைப் பற்றுகிறது என்பது. ஒரே அலுமினிய அணுவோடு இணைந்த ஹைட்ராக்சிலும், இரண்டு அணுக்களுக்குப் பாலமாக நிற்கும் ஹைட்ராக்சிலும் ஒரேபோல் நடந்துகொள்வதில்லை. ஹீம்ஸ்ட்ரா, வான் ரீம்ஸ்டைக் முதலியோர் 1989இல் முன்வைத்த பலதள மாதிரி இதைக் கணக்கில் எடுத்தது. தகடு போன்ற கிப்சைட் படிகத்தில் விளிம்புகளே அயனிகளை வலுவாகப் பற்றுகின்றன. பரந்த முகப்பு பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் பார்கர் குழுவினர் 1996இல் குருந்தத்தின் ஒற்றைப் படிகங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, ஒரு முகத்தில் ஈய அயனி தன் நீருறையோடு சற்று விலகியே தங்கியிருந்ததைக் கண்டனர். வேறொரு முகத்தில் அது நேரடியாகப் பிணைந்தது. 2001இல் ஸ்டாக் முதலியோர் குருந்தத்தின் அடிமுகத்துக்கு அளந்த சுழிப் புள்ளி 5, 6 அளவிலேயே இருந்தது. பொடிக்குரிய 8, 9 என்ற அளவை எல்லா அலுமினாவுக்கும் பொருத்துவது தவறு.

நடைமுறையில் இந்த அறிவு அதிகம் பயன்படுவது புளூரைடு நீக்கத்தில். அமெரிக்காவில் போரஃப் 1934இல் அலுமினா வழியே புளூரைடை நீக்கும் ஆய்வை வெளியிட்டார். 1937இல் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் நீரில் மிகுந்த புளூரைடால் எலும்பைப் பாதிக்கும் புளூரோசிஸ் நோய் பதிவானது. இன்றைய வடிப்பான்களில் பயன்படும் கிளர்வுற்ற அலுமினா பிஎச் 5 முதல் 6 வரை சிறப்பாக இயங்குகிறது. அதற்கும் கீழே அலுமினியம் கரையத் தொடங்கும். மேலே போனால் ஹைட்ராக்சைடு அயனி போட்டிக்கு வரும். நிறைந்துபோன அலுமினாவைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவினால் பரப்பு எதிர்மின்சுமையாகிப் புளூரைடு விடுபடுகிறது. பிறகு அமிலத்தால் நடுநிலையாக்கி மீண்டும் பயன்படுத்துகின்றனர். இந்தியத் தரநிலை குடிநீரில் அனுமதிக்கும் புளூரைடு அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம்.