பேசுகது யாரு?

எங்க நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஒருத்தன் கொஞ்சம் கோணலாப் பேசினாப் போதும், "லேய், உன்னை ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்" என்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு ஊளம்பாறை. எல்லாம் வரலாறு செய்த வேலைதான். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரைக்கும் எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். ஆகவே பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரம் ஊளம்பாறை. எல்லை மாறியும் கேலி மாறவில்லை :-)

ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு என்பது ஒரு வேடிக்கை. ஊளம்பாறை 1870. கீழ்ப்பாக்கம் 1871. (சென்னையில் வேலன்டைன் கானலி என்கிற கம்பெனி டாக்டர் 1794லேயே ஒரு காப்பகம் தொடங்கிவிட்டார். கீழ்ப்பாக்கம் அதன் வாரிசு.) கட்டடங்களின் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு வேறொரு சந்தேகம். இந்தக் கட்டடங்களுக்குள்ளே, "காதுக்குள்ள யாரோ பேசுகாவ" என்று சொல்லும் ஒருத்தரிடம் டாக்டர்கள் என்ன கேட்டார்கள்? மனநல மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு என்ன கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள்?

1939ல் ஜெர்மனியில் குர்ட் ஷ்னைடர் என்கிற மருத்துவர் ஒரு பட்டியல் போட்டார். குரல்கள் நோயாளியைப் பற்றித் தங்களுக்குள்ளே பேசிக்கொள்கின்றனவா? அவர் செய்வதையெல்லாம் கூடவே வர்ணனை செய்கின்றனவா? அவருடைய நினைப்பையே சத்தமாகச் சொல்கின்றனவா? ஆம் என்றால் மனச்சிதைவு என்று சந்தேகிக்கலாம். உலகம் முழுக்கப் பல தலைமுறை மாணவர்கள் இதை மனப்பாடம் செய்தார்கள். நல்ல பட்டியல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குரல் எந்த வடிவத்தில் வருகிறது என்று மட்டும்தான் அது கேட்கும். அது யாருடைய குரல், என்ன சொல்கிறது, கேட்டுக்கொண்டு இருப்பவருக்கு எப்படி இருக்கிறது... இதெல்லாம் பட்டியலில் கிடையாது. அமெரிக்க நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013ல் வந்தபோது அந்தக் குரல்களுக்கு இருந்த தனி அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் லேசில் போகாது இல்லையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. "இல்லாத குரல் ஏதும் கேக்குதாம்மா?" என்று கேட்டால், குரல் கேட்கிறவர் "இல்ல" என்றுதான் சொல்வார். பொய்யில்லை. அவருக்கு அது இல்லாத குரல் கிடையாதே! 1993ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். நாம் பேசும்போது வேலை செய்கிற பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. அதாவது, உள்ளே நிஜமாகவே ஏதோ நடக்கிறது. "சும்மா உன் நெனப்பு, ஒண்ணும் இல்ல" என்று சொல்வது அறிவியல்படியும் சரியில்லை.

கேள்வியை மாற்றியது ஒரு நோயாளி. நெதர்லாந்தில் பட்ஸி ஹாகே என்கிற பெண், தன் மருத்துவர் மாரியஸ் ரோமிடம் விடாமல் வாதாடினார். கண்ணுக்குத் தெரியாத கடவுளை நீங்கள் நம்பலாம், என் காதில் கேட்கும் குரலை மட்டும் நம்ப மாட்டீர்களா என்கிற மாதிரி வாதம். ரோம் மறுக்கவில்லை. 1987ல் இருவரும் டிவியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் பேசுங்கள் என்று அழைத்தார்கள். சுமார் 700 பேர் தொடர்பு கொண்டார்கள். 450 பேர் குரல் கேட்பவர்கள். அதில் சுமார் 150 பேர், அந்தக் குரலோடு ஒருமாதிரி குடித்தனம் நடத்தப் பழகிவிட்டோம் என்றார்கள். டாக்டர்கள் பார்த்தே இராத கூட்டம் இது.

அடுத்தது பாட்ரீசியா டீகன். 17 வயதில் மனச்சிதைவு என்று சொல்லப்பட்ட அமெரிக்கப் பெண். பிறகு உளவியலில் டாக்டர் பட்டமே வாங்கினார். 1990களில் அவர் ஒரு பயிற்சி தயாரித்தார். பயிற்சி டாக்டர் இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் திட்டும் குரல், முணுமுணுக்கும் குரல், அதட்டும் குரல் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் படிவம் நிரப்ப வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நோயாளி ஏன் பதில் சொல்லாமல் முழித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அருமை என்று கைதட்டிவிட்டுப் போக முடியவில்லை. இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு முரண் தெரிந்தது. பரிவு கூடுகிறது, சரி. ஆனால் சில ஆய்வுகளில், இவர்களிடமிருந்து தள்ளியே இருக்க வேண்டும் என்கிற எண்ணமும் சேர்ந்து கூடிவிட்டது. பயம்! சத்தத்தை மட்டும் காதில் ஏற்றினால் மிச்சமாவது பயம்தான் போல. சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இந்த இடத்தில்தான் நம்ம சென்னை வருகிறது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். 2021 டிசம்பரில் காலமானார். ஓய்வுக்குப் பிறகு 1984ல் அவர் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம்தான் ஸ்கார்ஃப். அங்கே உள்ள மருத்துவர்களோடு சேர்ந்து டான்யா லூர்மன் என்கிற அமெரிக்க மானுடவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். கலிபோர்னியாவின் சான் மாட்டியோவில் 20 பேர், அக்ராவில் 20 பேர் (தாஜ்மகால் ஆக்ரா இல்லை மக்கா, கானா நாட்டுத் தலைநகர்!), சென்னையில் 20 பேர். எல்லோரும் குரல் கேட்பவர்கள். எல்லோரிடமும், குரலைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து கேட்டார்கள். முடிவு 2015ல் அச்சில் வந்தது.

அமெரிக்கர்கள் வன்முறைக் குரல்களைச் சொன்னார்கள். தங்களைப் பற்றி நோயின் பெயராலேயே பேசினார்கள். அக்ராவில் கடவுளின் குரல் அதிகம். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அம்மா, அப்பா, மாமியார், நாத்தனார்! வீட்டு வேலையைப் பார் என்று சொல்கிற, புத்தி சொல்கிற, திட்டுகிற குரல்கள். எல்லாம் இனிமையான குரல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாமியார் 24 மணி நேரமும் காதுக்குள்ளேயே குடியிருந்தால் எப்படி இருக்கும்? 20 பேரை வைத்து ஊரையே எடை போடவும் கூடாது. ஆனால் ஒன்று நிச்சயம். "யார் பேசுகிறார்கள்" என்று கேட்டதால்தான் இந்தப் பதில் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அறுபது பேர் சீட்டிலும் "குரல் கேட்கிறது: ஆம்" என்று ஒரே வரிதான்.

எங்க ஊர்க் கொடைகளில் இந்தக் கேள்வி புதுசில்லை. சுடலைமாடன் கொடையில் கோமரத்தாடி அருள் வந்து நிற்கும்போது ஊர்ப் பெரியவர் கைகட்டி நின்று கேட்பார்: "வந்திருக்கது யாரு? என்ன குறை?" பதில் வரும்வரை காத்திருப்பார். கோமரத்தாடி நோயாளி இல்லை, கொடை வைத்தியமும் இல்லை. ரெண்டையும் போட்டுக் குழப்பவே கூடாது. நான் சொல்ல வருவது அந்தக் கேட்கிற மரியாதையைப் பற்றி மட்டும்.

அந்த மரியாதை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை ஏர்வாடியில் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் கூடாது என்று தடை செய்தது. பழி முழுவதையும் நம்பிக்கை மேல் போடவும் முடியாது. ஏர்வாடிக்கு அடுத்த வருஷமே நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்திருந்தார்கள். சராசரியாக ஆறு வாரம். தனிச் சடங்கு எதுவும் கிடையாது. நோயின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. மிரட்டாத, அரவணைக்கிற இடம் என்பதுதான் காரணமாக இருக்கும் என்றார்கள்.

மருந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பலருக்கு மாத்திரைதான் அந்தச் சத்தத்தை அடக்கி ராத்திரி தூங்க விடுகிறது. ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைப்பதும், அடுத்த மாசம் திரும்பி வர வைப்பதும், "இந்த டாக்டர் நம்ம பேச்சைக் கேக்காரு" என்கிற நம்பிக்கைதானே?

அதனால் மனநல மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இயர்போன் பயிற்சி கிடைத்தால் செய்யுங்கள், நல்லதுதான். அதை முடித்ததும் வார்டில் ஒரு பாட்டி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பேசுகிற தமிழிலேயே கேளுங்கள். "பேசுகது யாரு பாட்டி? என்ன சொல்லுகாவ? அப்போ உங்களுக்கு எப்படி இருக்கு?" பதிலுக்குக் கொஞ்ச நேரம் ஆகலாம். சீட்டில் ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டியும் வரலாம். எழுதுங்கள்.