பதிவேடு எழுதும் பெண்கள்

பிறப்பையும் இறப்பையும் ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் நம் திருச்சபைக்குப் புதிதன்று. திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவு செய்யுமாறு திரெந்து பொதுச்சங்கம் 1563இல் பணித்தது. சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமோ 1899இல்தான் வந்தது. பங்குக்குருவின் ஏட்டுக்கு அடுத்துக் கிராம முன்சீப்பின் ஏடு. இரண்டையும் எழுதியோர் ஆண்கள். இறப்பின் காரணம் கேட்ட கட்டத்தில் முன்சீப்புகள் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்றெழுதி முடித்தனர். பிள்ளைப்பேற்றில் மாண்ட தாயின் கதை மருத்துவச்சிக்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது.

பின்னாளில் கிராம சுகாதாரச் செவிலியர் கைக்கு ஏடு மாறியது. சமவெளியில் ஏறத்தாழ 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கருவுற்றோர், தடுப்பூசி, தம்பதியர் எனத் தனித்தனிப் பதிவேடுகள். இவற்றைச் சுமந்து வீடுவீடாக நடந்தவர்கள் அப்பெண்களே. எனினும் எண்கள் மேலே சென்றனவேயன்றி, அவற்றின் பொருள் அவர்களிடம் திரும்பி வரவில்லை. எழுதக் கற்பித்தோம், வினவக் கற்பிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். கிரிமியப் போரில் காயங்களைவிட நோயே மிகுதியான வீரர்களைக் கொன்றதென 1858இல் வரைபடமிட்டுக் காட்டிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியராயிருந்தும் தாமே எண்ணிப் பார்த்தவர்.

திருவரங்கமும் பொன்மலையும் திருச்சிராப்பள்ளியோடு இணைந்து மாநகராட்சியான 1994ஆம் ஆண்டிலேயே, தமிழகம் தாய்மார் இறப்பை ஆய்வு செய்யத் தொடங்கியது. முடிவெடுக்கத் தாமதமா, வண்டி கிடைக்கத் தாமதமா, மருத்துவமனையில் தாமதமா? எண் முதன்முறையாக ‘ஏன்’ என்று கேட்டது. 2008இல் பதிவுகள் கணினிக்கு ஏறின. இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2018-20இல் இந்தியாவில் 97, தமிழகத்தில் 54. அந்த 54 தாய்மாரும் நமக்குக் குறைவல்லர்.

திருச்சிராப்பள்ளியில் 1923இல் திருச்சிலுவைக் கல்லூரி தோன்றிய நாளிலிருந்து மகளிர் உயர்கல்விக்கு இங்கு நெடிய மரபுண்டு. இன்று புள்ளியியலும் கணினியும் பயிலும் நம் பெண்கள் தரவு அறிவியலை எங்கே கற்கவேண்டும்? வகுப்பறையில் பாதி, செவிலியரோடு தெருவில் பாதி என்போம். ஏழாம் மாதத்துக்குப்பின் ஒரு தாயின் கட்டம் வெறுமையாயிருந்தால், கணினிக்கு அது விடுபட்ட எண். செவிலியருக்கோ அவள் வளைகாப்பு முடிந்து தாய்வீடு சென்றவள். திருவரங்கத்தில் அவளுக்குக் கண்ட இரத்தசோகை, பிறந்த ஊர்ச் செவிலியரின் திரையில் தெரிகிறதா என்று தேடுவது அம்மாணவியின் முதற்பாடமாகலாம்.