தாய்ப்பாலும் குழந்தை ஒவ்வாமையும்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவுடன் 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பால் சிசுக்களின் கரப்பானைக் குறைக்கக்கூடும். உணவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

செயல்படும் விதம்

சீம்பாலில் நிறைந்துள்ள ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதம் குடலின் உட்சுவரைக் காக்கிறது. பாலிலுள்ள ஒலிகோசாக்கரைடுகள் பிஃபிடோ வகை நன்மை பாக்டீரியாவை வளர்க்கின்றன. தாய் உண்ணும் உணவின் புரதங்களும் நுண்ணளவில் பாலில் கலக்கின்றன.

ஆய்வுகள்

பெலாரஸில் 1996–97இல் பிறந்த 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தாய்ப்பாலூட்ட ஊக்குவித்த மருத்துவமனைகளில் முதல் ஆண்டுக் கரப்பான் 3.3 விழுக்காடாகவும், மற்றவற்றில் 6.3 விழுக்காடாகவும் இருந்தது. ஆறரை வயதில் ஆஸ்துமா குறையவில்லை. 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த 640 சிசுக்களைப் பின்தொடர்ந்தது. முதல் ஆண்டிலேயே நிலக்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து உண்டவர்களிடம், 5 வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைந்திருந்தது.

வட்டாரப் பழக்கங்கள்

தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது ‘சேனை’ எனப்படும். இது சீம்பாலைத் தாமதப்படுத்துகிறது. தேனில் பொட்டுலிசம் நச்சுக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடுமாதலால் ஒரு வயதுவரை அது கூடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று முட்டை, மீன், கடலை ஆகியவற்றை விலக்குவதால் குழந்தையின் ஒவ்வாமை தடுக்கப்படுவதில்லை. தாயின் சத்துதான் குறைகிறது. பசும்பால் ஒவ்வாமை உறுதியான குழந்தையின் தாய் மட்டும், மருத்துவர் சொன்னால் பால் பொருள்களை நிறுத்திவிட்டுப் பாலூட்டலைத் தொடரலாம்.

வேலையும் வசதிகளும்

போடி, கம்பம் பகுதிப் பெண்கள் பலர் விடியலிலேயே ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பகலில் பாலூட்ட இயலாத தாய், பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குள் அது 4 மணி நேரம் கெடாது. 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அவ்வாண்டு அறிவித்த 7 தாய்ப்பால் வங்கிகளில் ஒன்று தேனிக்கு ஒதுக்கப்பட்டது. இத்தகைய வங்கிகளில் தானப்பால் 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, முதன்மையாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு அளிக்கப்படுகிறது.

இணை உணவு

ஆறாம் மாதத்தையொட்டி, நன்கு வெந்த முட்டையையும் கூழில் கரைத்த கடலை விழுதையும் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், கொடுக்கக் கூடாது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே கடலையைத் தொடங்க வேண்டும்.