ஞானஸ்நானத்துக்குப் பின் ஆறு ஆண்டு எட்டு மாதம்



பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, நான் முதலில் எடுத்துப் புரட்டியது நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான். ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பெயர்கள்! குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், திருமுழுக்கு வழங்கிய குருவின் கையொப்பம். ஓரத்தில் உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கச் சிறிது இடம். அவ்வளவுதான். இறைவனின் அருளைப் பெற்ற அந்த ஆள் அதன் பின் எப்படி வாழ்ந்தார் என்று எழுத அந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நம் பாட்டன்மார் ஞானோபதேசத்தில் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்று படித்ததை நாம் இன்று ‘இறையருள்’ என்கிறோம். சொல் மாறினாலும் பொருள் மாறவில்லை. அது கூலி அன்று, கொடை. நாம் செய்த எந்த நற்செயலும் அந்த முதல் அருளை நமக்கு ஈட்டித் தருவதில்லை என்று 1547-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் தெளிவாகப் போதித்தது. அதே சங்கம், பெற்ற அருளோடு மனிதன் ஒத்துழைத்து அதில் வளர வேண்டும் என்றும் போதித்தது. புனித பவுலடியாரும் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் இவ்விரண்டையும் அடுத்தடுத்தே வைக்கிறார்: மீட்பு நம் செயலால் வந்ததன்று, ஆனால் நற்செயல் புரிவதற்கென்றே நாம் படைக்கப்பட்டோம். இலவசமாகப் பெற்ற மீட்பு வாழ்க்கையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு, தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் தென்னாட்டிலேயே சான்று உண்டு.

நீலகண்டன் தேவசகாயம் ஆனார்

அன்றைய வேணாட்டைச் சேர்ந்ததும் இன்று குமரி மாவட்டத்தில் இருப்பதுமான நட்டாலத்தில், 23-4-1712 அன்று, உயர்குடி நாயர் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்டன். மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்பான அலுவலராக இருந்தவர். கல்வி, செல்வம், செல்வாக்கு எதிலும் குறைவில்லை.

1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படை தோற்றது. அதில் பிடிபட்ட டிலனாய் என்னும் தளபதி, பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் கத்தோலிக்கர். உதயகிரிக் கோட்டைப் பணியில் இருவரும் நெருங்கிப் பழகினர். நீலகண்டனின் குடும்பத்தில் கால்நடை இழப்பு, பொருள் இழப்பு என்று அடுக்கடுக்காகத் துன்பம் வந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத அந்த மனிதனின் கதை நீலகண்டனின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது.

அக்காலத்தில் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் டிலனாய் அவரை அனுப்பி வைத்தார். 14-5-1745 அன்று நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

எது பொறுக்கவில்லை?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். டிலனாயும் கிறிஸ்தவர், தேவசகாயமும் கிறிஸ்தவர். இருவரும் ஒரே மன்னரின் பணியாளர். டிலனாய் 1777-இல் இறக்கும் வரை உயர்பதவியில் இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தேவசகாயமோ 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். ஒருவருக்கு மதிப்பும் மற்றவருக்கு விலங்கும் ஏன்?

தேவசகாயம் மீது சுமத்தப்பட்ட குற்றம் எது என்பதில் வரலாற்று ஆசிரியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அரசுக்கு இரண்டகம் செய்தார் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது சொல்லப்பட்டது. ஆனால் திருச்சபை ஆய்ந்து ஏற்ற சான்றுகள் காட்டும் உண்மை ஒன்று உண்டு. சாதி வேறுபாடின்றி எல்லா மனிதரும் சமம் என்பதை அவர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் எல்லா மக்களோடும் கலந்து பழகினார். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் அருகில் போனார். அந்நிய நாட்டார் ஒருவர் ஞாயிறன்று செபம் சொல்வதால் ஊரின் ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடாது. உள்ளூர் உயர்குடியார் ஒருவர், தாம் நிற்க வேண்டிய இடத்தை விட்டு இறங்கி மற்றவர்களோடு நின்றால் அது குலைந்துவிடும். அவர் மதம் மாறியதைக் காட்டிலும் அவர் வாழ்க்கை மாறியதுதான் பொறுக்க முடியாததாயிற்று என்பதே என் கருத்து.

மூன்று ஆண்டு காலம் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மீது பின்னோக்கி உட்கார வைத்து, ஊர் ஊராகக் கொண்டு போயினர். அடித்தனர், புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினர். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தனர். விசுவாசத்தைக் கைவிட்டால் பழைய பதவி திரும்பக் கிடைக்கும் நிலை இருந்தும் அவர் இசையவில்லை. 14-1-1752 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சிய பகுதிகளை மக்கள் எடுத்துவந்து கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் உயிர் ஈந்த நாள் வரை கணக்கிட்டால் சரியாக ஆறு ஆண்டு எட்டு மாதம். அவர் குருவல்லர், துறவியல்லர், மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். 2-12-2012 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 15-5-2022 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது சாதிப் பெயர் ஏதுமின்றி வெறும் தேவசகாயம் என்றே அவர் அறிவிக்கப்பட்டார்.

அதே வடக்கன்குளம்

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாய் முடியும். ஆனால் வரலாறு இனிமையானவற்றை மட்டும் சொல்வதன்று.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பின், 1870-களில் ஒரு கோயில் எழுந்தது. இரு சமூகத்தாரும் ஒருவரை ஒருவர் காணாமல் பூசை காண்பதற்கென்றே இரண்டு கூடங்களாக அது கட்டப்பட்டது. பீடம் ஒன்று, மக்கள் இரண்டு. அதற்கு இசைவு தந்தவர்கள் வேறு யாருமல்லர், நம் குருக்களே. வம்பு வேண்டாம், ஆன்மாக்கள் பிரிந்து போக வேண்டாம் என்று எண்ணியிருப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்புச் சுவர் அகற்றப்பட்டது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது; கோயிலுக்குள் சாதியின் பேரால் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. தேவசகாயம் தம் உயிரைக் கொடுத்துச் சொன்னதை, ஒரு நீதிமன்றம் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டியதாயிற்று!

வடக்கன்குளத்தாரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், ஏழைக் கிழவி ஒருத்தி இறந்தாள். எந்நாளும் செபமாலையைக் கையில் வைத்திருந்தவள். கல்லறைக்குப் பெரிய தெரு வழியாகப் போனால் சிறு தொலைவுதான். ஆனால் தூக்கியவர்கள் கேட்காமலே ஊரைச் சுற்றி வயல் வரப்பில் இறங்கினார்கள். முன்னால் சிலுவை, பின்னால் சவப்பெட்டி, நடுவில் நான். வழக்கம் அப்படி என்று உபதேசியார் மெல்லச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. மழைச் சேற்றில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறந்தோருக்கான செபத்தைச் சொல்லியபடியே நடந்தேன். குருமடத்தில் அருளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்தவன்தான். தேர்விலும் நன்றாகவே எழுதினேன். அந்தப் பெரிய தெருவில் கால் வைக்கும் துணிவு மட்டும் வரவில்லை. பிறகு நான் மாற்றலாகிப் போனேன். அந்தக் கிழவியின் பெயரைச் சொல்லி இன்றும் பூசையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

நமக்கு

ஆகவே, அன்பு மக்களே, மனம் மாறியவன் குடியை விட்டான், சூதை விட்டான் என்று சொல்லி மகிழ்கிறோம். நல்லதுதான். ஆனால் நமக்குப் பெருமை தருவது எதுவோ, விட்டால் உறவினர் முகம் சுளிப்பார்களே என்று நாம் அஞ்சுவது எதுவோ, அதையும் இறையருள் தொட வேண்டும். நீலகண்டனிடம் குடியோ களவோ இல்லை. அவர் இறக்கி வைத்தது தம் குலப்பெருமையை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு விலையாயிற்று.

இந்தப் பொன்விழா ஆண்டில் தேர் புதிதாயிற்று, கொடிமரம் புதிதாயிற்று. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குப் பேரவையில் இதைப் பேச நாள் குறித்திருக்கிறேன். இம்முறை நான் வாய் திறப்பேன். என் குரலோடு உங்கள் குரலும் சேர வேண்டும் என்று தாழ்மையோடு வேண்டுகிறேன்.

நமது பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே வாழ்க்கையை எழுத இடமில்லைதான். ஆனால் அதை எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். புனித தேவசகாயம் நமக்காகப் பரிந்து பேசுவாராக. இறைவனின் அருளும் சமாதானமும் உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக.

இறைப்பணியில்,
உங்கள் பங்குத்தந்தை