கார்-டி செல் சிகிச்சை: புற்றுநோயைத் தாக்கப் பழக்கப்படும் நம் சொந்த அணுக்கள்

"ஹஜ்ரத், நம் உடம்பு அணுக்களையே மாற்றி ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்கிறார்களாமே, அது கூடுமா?" காஞ்சிபுரத்தில் ஜுமுஆ முடிந்ததும் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி இது.

நம் ரத்தத்திலுள்ள டி செல்கள் கிருமிகளைத் தேடி அழிப்பவை. புற்றுநோய் அணு நம் உடலிலேயே பிறப்பதால் பல நேரம் அவற்றிடமிருந்து தப்பிவிடுகிறது. எனவே நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, நோய் உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட வைரஸ் மூலம் புதிய மரபணு ஒன்றைச் செலுத்துகிறார்கள். ஜக்கார்டு அட்டையை மாற்றினால் அதே தறி வேறு டிசைன் நெய்கிறதல்லவா? அதுபோல, மாற்றம் பெற்ற செல்கள் சிடி19 என்ற புரதமுள்ள அணுக்களை இனங்கண்டு தாக்கும். அவற்றைப் பெருக்கி அதே நோயாளிக்கு ஏற்றுவார்கள்.

அமெரிக்கா 2017ல் இதை அனுமதித்தது. ஐஐடி மும்பை, டாடா நினைவு மையம், இம்யூனோஆக்ட் நிறுவனம் ஆகியவை இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு நம் நாட்டில் 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் செலவு, இங்கே அறிமுகமானபோது சுமார் 40 லட்சம் ரூபாயாக இருந்தது.

இது எல்லாப் புற்றுநோய்க்குமானதல்ல. வழக்கமான சிகிச்சைக்குக் கட்டுப்படாத, அல்லது திரும்பி வந்த பி செல் வகை ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மட்டுமே. கடும் காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு, நோய்த்தொற்று ஆகிய ஆபத்துகளும் உண்டு.

கூடுமா? ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த போதனை. இங்கே ஒருவரின் அணு அவருக்கே திரும்புகிறது. மாற்றம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. ஆகவே இதில் மார்க்கத் தடை இருப்பதாக நாம் கருதவில்லை.

ஆனால், "எப்படியும் புது வைத்தியம் வந்துவிட்டது" என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, வாரக்கணக்கில் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நம் ஊர் காரப்பேட்டையிலேயே அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஓதிப் பார்ப்பது சுன்னத். அதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது சுன்னத் அல்ல.

வசதியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழைகளும் கடனில் மூழ்கியவர்களும் ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் அடங்குவர். சிகிச்சைக்காக வீட்டையும் தறியையும் அடகு வைத்த குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். தேடிச் சென்று கொடுங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.