சப்பாத்து ஏன் கடிக்கிறது? சைக்கிள் ஓடும் கால்களுக்கு ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. சைக்கிள் ஓடுகிறவர்களும், வீட்டில் சீனி வருத்தக்காரர் இருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த காலத்தில், மூலையில் கிடந்த சைக்கிள்களை நம்மில் பலர் திரும்ப வெளியே எடுத்தோம். வரிசை முடிந்துவிட்டது, சிலரிடம் சைக்கிள் தங்கிவிட்டது. சுபஹுக்குப் பிறகு இருபது முப்பது கிலோமீற்றர் ஓடிவிட்டு வரும் இளைஞர்களும் இருக்கிறார்கள், வைத்தியர் சொன்னதற்காக ஓடும் நடுத்தர வயதினரும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் பெடலோடு கொழுவி ஓடும் சைக்கிள் சப்பாத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தச் சப்பாத்தைப் பற்றிய முறைப்பாடு எல்லோரிடமும் ஒன்றுதான். அரை மணித்தியாலத்தில் விரல்கள் மரத்துப் போகின்றன, உள்ளங்காலின் முன்பகுதி நெருப்பாக எரிகிறது. கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "சைக்கிள் சப்பாத்து இறுக்கமாத்தான் இருக்கோணும். போடப் போட இளகும்."

இந்தப் பதிலைப் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அது சரியான பதிலாக இருந்தது. சப்பாத்து மாறிவிட்டது, பதில் மட்டும் மாறாமல் நிற்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். நாம் 'சப்பாத்து' என்கிறோம். தமிழ்நாட்டில் 'ஷூ' என்பார்கள். நம்முடைய சொல் போர்த்துக்கேயரின் 'சப்பாத்தோ'விலிருந்து வந்தது. சிங்களத்தில் 'சப்பத்து' என்பதும் அதே வேரிலிருந்துதான். மூடிய சப்பாத்து கரையிறங்கியபோது அதன் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவிலேயே சப்பாத்து காலுக்குப் பொருந்தி இருக்கவில்லை.

1600 ஆம் ஆண்டை ஒட்டிக் குதி உயர்ந்த சப்பாத்துகள் ஐரோப்பாவில் பரவின. அதன் பிறகு சுமார் இருநூறு ஆண்டுகள் அங்கே பெரும்பாலான சப்பாத்துகளில் இடது வலது என்ற வித்தியாசமே இல்லை. இரண்டு கால்களுக்கும் ஒரே நேரான மர அச்சில்தான் தைத்தார்கள். எந்தக் காலில் போட்டாலும் சரி. போட்டு நடந்து, தோலை இளக்கி, காலும் தோலும் ஒருவாறு சமாதானத்துக்கு வர வேண்டும். அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தது கால்தான்.

இதைக் கேள்வி கேட்டவர்கள் உடற்கூற்று அறிஞர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பெற்றுஸ் கம்பர் 1781 இல் நல்ல சப்பாத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். குதிரையின் காலுக்கும் கோவேறு கழுதையின் காலுக்கும் இவ்வளவு கவனம் கொடுக்கும் மனிதன் தன் காலை மறந்துவிட்டானே என்பது அவருடைய ஆதங்கம். அதற்குச் சுமார் எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் சூரிச் நகரில் ஹெர்மன் வொன் மேயர் என்ற பேராசிரியர் இன்னும் துல்லியமாகச் சொன்னார். பெருவிரலின் நடுவிலிருந்து பின்னோக்கி ஒரு கோடு இழுத்தால், ஆரோக்கியமான காலில் அது குதியின் நடுவைத் தொட வேண்டும். கடைச் சப்பாத்துகளின் கூரிய முனையோ பெருவிரலை மற்ற விரல்களின் பக்கம் தள்ளுகிறது. அவருடைய நூல் 1860 இல் ஆங்கிலத்தில் வந்தபோது வைத்த தலைப்பின் பொருள், 'சப்பாத்து ஏன் கடிக்கிறது' என்பதுதான். நம்முடைய கேள்வியேதான்.

அறிஞர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, சப்பாத்து தொழிற்சாலைக்குப் போய்விட்டது. தென் அமெரிக்காவின் சுரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரில் வேலை செய்த யான் மற்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, தோலை அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்கு 1883 இல் காப்புரிமை பெற்றார். கைதேர்ந்த ஒருவர் நாளுக்கு ஐம்பது சோடி செய்த இடத்தில் இயந்திரம் நூற்றுக்கணக்கில் செய்தது. ஏழைகளுக்கும் எட்டும் விலையில் சப்பாத்து கிடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் தைப்பவர் நம் காலைப் பார்க்கும் வழக்கம் போய்விட்டது. அவருடைய இடத்தில் ஓர் எண் வந்து நின்றது.

அந்த எண்ணின் கதை விசித்திரமானது. பழைய ஆங்கில அளவையில் மூன்று வாற்கோதுமை மணிகளின் நீளம் ஓர் அங்குலம். ஆங்கிலச் சப்பாத்து எண்கள் இன்றும் அந்தக் கணக்கில்தான் ஏறுகின்றன. 7 இலிருந்து 8 க்குப் போனால் ஒரு மணி நீளம், அதாவது அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீற்றர் கூடுகிறது. ஐரோப்பிய எண்ணில் ஒரு படி என்பது ஒரு சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீற்றர். 42 என்றால் 28 சென்ரிமீற்றர். அந்த 28 உங்கள் காலின் நீளம் என்று நினைத்துவிடாதீர்கள். அது சப்பாத்துத் தைத்த அச்சின் நீளம். முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். அதனால்தான் ஒரு கம்பனியின் 42 கையுறை போல இருக்கிறது, இன்னொன்றின் 42 விரலை நசுக்குகிறது.

இன்னொரு முக்கியமான விடயம்: இந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. அகலத்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. பாட்டாவும் செருப்பும் போட்டு, வீட்டில் வெறுங்காலுடன் நடந்து விரிந்த கால்களுக்கு அகலம்தான் முதல் பிரச்சினை.

எண்ணை நம்பினால் என்ன நடக்கும் என்பதை இராணுவங்கள் கஷ்டப்பட்டுத்தான் படித்தன. கால் புண்ணான சிப்பாய் நடக்க மாட்டான். அமெரிக்க இராணுவ வைத்தியர் எட்வர்ட் மன்சன் ஆயிரக்கணக்கான கால்களைப் பரிசோதித்து 1912 இல் ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்தில் அங்கே வந்த கட்டளையைப் பாருங்கள். சிப்பாயின் முதுகில் 40 இறாத்தல் சுமையை ஏற்றி, முழுப் பாரத்தையும் ஒரு காலில் வைக்கச் சொல்லித்தான் அளவெடுக்க வேண்டும். பாரம் ஏறினால் கால் நீளும், அகலும். உட்கார்ந்திருக்கும் காலை அளந்து பயனில்லை. பிறகு புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இரண்டரை அங்குலத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்று, தோல் நன்றாக ஊறியதும் ஒரு மணித்தியாலம் நடந்து காலிலேயே காயவிட வேண்டும். தோல் அந்தக் காலின் உருவத்தை எடுத்துக்கொள்ளும்.

1920 களில் சார்ள்ஸ் பிரனொக் என்பவர் நியூயோர்க் மாநிலத்தில் தன் தகப்பனின் சப்பாத்துக் கடைக்காக ஓர் உலோக அளவுகோலைச் செய்தார். பெரிய கடைகளில் இன்றும் அதுதான் இருக்கிறது. அது மூன்று அளவுகளை எடுக்கும்: முழு நீளம், அகலம், குதியிலிருந்து பெருவிரல் அடியிலுள்ள புடைத்த எலும்பு வரையான தூரம். சைக்கிள் ஓடுபவர் இந்த மூன்றாவது அளவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெடலை மிதிப்பது அந்த இடத்தால்தான்.

இனி சைக்கிளுக்கு வருவோம். பழைய பந்தய வீரர்களின் சப்பாத்து மெல்லிய தோலால் ஆனது. பெடலில் ஒரு கம்பிக் கூடும் தோல் வாரும் இருக்கும். சப்பாத்தை நுழைத்து வாரை இழுத்து இறுக்குவார்கள். அடியில் 'கிளீட்' என்ற ஒரு பள்ளமுள்ள துண்டை ஆணி அடித்துப் பூட்டுவார்கள், பெடலின் விளிம்பு அதில் உட்காரும். எங்கே ஆணி அடிப்பது? புதுச் சப்பாத்தில் முதலில் கிளீட் இல்லாமலே கொஞ்சத் தூரம் ஓடுவார்கள். பெடலின் தழும்பு அடித்தோலில் விழும். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் ஆணி. கால் தன் இடத்தைத் தானே சொல்லும் வரை காத்திருந்தார்கள்.

தோல் வியர்வையிலும் மழையிலும் இளகும். காலுக்குச் சரியாக வாங்கினால் சில மாதங்களில் தொளதொளத்துவிடும். ஆகவே ஓர் அரை அளவு இறுக்கமாக வாங்குவது அன்று புத்திசாலித்தனம். நாம் இன்று கேட்கும் அறிவுரை பிறந்த இடம் இதுதான்.

பிறகு நிலைமை வேகமாக மாறியது. பிரான்ஸின் லுக் என்ற கம்பனி பனிச்சறுக்குச் சப்பாத்தைக் கொழுவும் பொறிகளைச் செய்துவந்தது. அதே யோசனையை அவர்கள் 1984 இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1985 இல் பேர்னார்ட் ஹினோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். 1990 இல் ஜப்பானின் ஷிமானோ, நடக்கவும் வசதியான சிறிய கிளீட்டைக் கொண்டுவந்தது. தோல் வார் மறைந்தது. கிளீட் திருகாணியால் பூட்டப்பட்டது. அடித்தோலின் இடத்தில் நைலோனும் பிறகு காபன் நாரும் வந்தன, மேலே செயற்கைத் தோல் வந்தது. மிதிக்கும் பலம் வீணாகாமல் பெடலுக்குப் போக இந்தக் கடினம் உதவுகிறது.

ஆனால் காபன் இளகாது. செயற்கைத் தோல் மிகக் கொஞ்சமே இளகும். முதல் நாள் நசுக்கும் சப்பாத்து நூறாவது நாளும் நசுக்கும். சிப்பாயின் தண்ணீர் வைத்தியம் இங்கே செல்லாது.

மரத்துப் போவதற்குக் காரணமும் எளிது. காலின் முன்பகுதியில் நீண்ட எலும்புகளின் நடுவால் விரல்களுக்கு நரம்புகள் போகின்றன. சப்பாத்து இரு பக்கத்தாலும் நெருக்க, பெடல் கீழிருந்து தள்ள, நரம்பு நடுவில் மாட்டிக்கொள்கிறது. நம் நாட்டு வெயிலில் கால் வீங்கவும் செய்யும். காலையில் சரியாக இருந்த சப்பாத்து பத்து மணிக்குக் கடிக்கத் தொடங்குவது அதனால்தான்.

வரலாறு தரும் பாடத்தை வேலைக்கு எடுத்தால் இப்படி வரும்:

1. பின்னேரத்தில், எழுந்து நின்று, இரண்டு காலையும் கடதாசியில் வரைந்து நீளமும் அகலமும் அளவுங்கள். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஒன்லைனில் வாங்கினால் எண்ணைப் பார்க்காமல் அந்தக் கம்பனியின் சென்ரிமீற்றர் அட்டவணையைப் பாருங்கள்.

2. சப்பாத்தின் உள்ளே இருக்கும் மெத்தைத் தாளை வெளியே எடுத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் கால் வெளியே வழிந்தால் அது உங்கள் சப்பாத்து இல்லை. அடுத்த எண்ணுக்குப் போவது அரைத் தீர்வுதான். நீளம் கூடி, குதி கழன்று, கிளீட்டின் இடமும் மாறிவிடும். அகலமான வகை அதே எண்ணில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. குதி அசையக் கூடாது, நடுப்பாதம் பிடிப்பாக இருக்க வேண்டும், விரல்கள் தாராளமாக ஆட வேண்டும். விரலுக்கு அருகிலுள்ள பட்டியைத் தளர்த்தி, மேலே உள்ளதை மட்டும் இறுக்குங்கள். பாதி வழியில் ஒரு தடவை நிறுத்தி இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

4. தடித்த மேஸைக் கழற்றி மெல்லியதைப் போட்டுப் பாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் இடம் அது.

5. எரிவு நிற்காவிட்டால் கிளீட்டைச் சில மில்லிமீற்றர் குதிப் பக்கமாக நகர்த்துங்கள். பாரம் அந்தப் புடைத்த எலும்பின் மேலிருந்து விலகும். இரண்டு காலுக்கும் ஒரே அளவாக நகர்த்தி, சீற்றின் உயரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

6. சூடாக்கி உருமாற்றும் சப்பாத்துகள் இருக்கின்றன. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும், அதில் சொன்ன வெப்பத்தில் மட்டும் செய்யுங்கள். மற்றவற்றை அடுப்புக்குக் கொண்டுபோனால் பசை விட்டுவிடும்.

கடைசியாக, இந்தப் பதிவை எழுத வைத்த விடயம். நமக்குள் சீனி வருத்தம் உள்ளவர்கள் ஏராளம். சைக்கிள் ஓடச் சொல்லி வைத்தியர் அனுப்புவதும் பலவேளை அவர்களைத்தான். நீரிழிவால் காலின் உணர்வு குறையும்போது, சரியான அளவுச் சப்பாத்து அவர்களுக்குத் தொளதொளப்பாகத் தெரியும். இறுக்கமானதைப் போட்டால்தான் கால் இருப்பதே தெரிகிறது என்பார்கள். ஆகவே அவர்களே தேடிப்போய்ச் சின்னதாக வாங்குகிறார்கள். கடித்தாலும் வலி தெரியாது. கொப்புளம் புண்ணாகும், புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்கும் போகலாம். "போடப் போட இளகும்" என்ற வார்த்தையை இவர்களிடம் யாரும் சொல்லாதீர்கள். இவர்கள் உணர்வை நம்பாமல் அளவை நம்ப வேண்டும். ஓடிவிட்டு வந்ததும் மேஸைக் கழற்றி, சிவப்பு இருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வுழூவுக்காகக் கால்விரல் இடுக்கைக் கழுவும் நேரமே அதற்கு நல்ல நேரம்; பிறகு நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அடிப்பாதம் தெரியாத வயதானவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துக் கொடுங்கள். சின்னப் புண் என்றாலும் கிளினிக்குக்குக் காட்டுங்கள்.

உங்கள் வாப்பாவுக்கோ, மாமாவுக்கோ சைக்கிள் சப்பாத்து வாங்கப் போகிறீர்கள் என்றால், "எத்தனையாம் நம்பர்?" என்று போனில் கேட்டுவிட்டு வாங்காதீர்கள். ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்து, அவரை எழுந்து நிற்கச் சொல்லி, காலை வரைந்துகொண்டு கடைக்குப் போங்கள்.