மங்குதிம்மனின் பிதற்றல்: பெங்களூரில் ஒரு மெய்யியல் நூல் பூண்ட பேதை வேடம்

1943ஆம் ஆண்டு, பெங்களூரில் வாழ்ந்த டி. வி. குண்டப்பாவின் ‘மங்குதிம்மன கக்க’ என்னும் கன்னடச் செய்யுள் நூல் வெளிவந்தது. 945 நான்கடிச் செய்யுள்களால் ஆன இந்நூல், கருநாடகத்தில் இன்று மிகுதியாக எடுத்தாளப்படும் நவீன நூல்களுள் ஒன்று. மேடைப் பேச்சிலும் வாழ்த்துமடலிலும் இரங்கல் குறிப்பிலும் அதன் அடிகள் இடம்பெறுகின்றன. ‘கன்னடத்தின் பகவத்கீதை’ என்னும் புகழ்மொழியும் அதற்கு உண்டு. ஆயினும் நூலின் தலைப்பைத் தமிழாக்கினால் கிடைப்பது ஏறத்தாழ ‘மந்தத் திம்மனின் பிதற்றல்’ என்பதே. வாழ்வின் பொருளைத் தேடும் ஒரு நூல் தன்னைப் பிதற்றல் என்று அழைத்துக்கொள்வது ஏன்?

தமிழ்மரபில் பயின்றவர்க்கு உடனே தோன்றும் விடை ‘அவையடக்கம்’ என்பது. பெருங்காப்பியப் புலவர்களும் தம்மைச் சிறியராகச் சொல்லிக்கொண்டே நூலைத் தொடங்கினர். ஆனால் அவையடக்கம் நூலின் வாயிலில் ஒருமுறை நிகழ்வது. வாயிலைக் கடந்ததும் புலவர் தம் முழு அதிகாரத்தோடு பேசத் தொடங்கிவிடுவார். குண்டப்பாவின் நூலிலோ ‘மங்குதிம்ம’ என்னும் விளி செய்யுள்தோறும் இறுதியில் வந்து நிற்கிறது. வாசகர் எந்த இடத்தில் நூலைத் திறந்தாலும், ஓர் உயர்ந்த கருத்தின் முடிவில் ஒரு மந்தனின் பெயரைச் சந்தித்தே ஆகவேண்டும். இத்தனை முறை மீண்டும் வருவதை முன்னுரை மரபு என்று கொள்ள இயலாது. நூலின் அமைப்பே அதில்தான் தங்கியிருக்கிறது.

பெயரின் ஒவ்வொரு கூறும் கவனத்திற்குரியது. கன்னட ‘மங்கு’ என்பது ஒளிக்குறைவு, மந்தபுத்தி ஆகிய பொருள்களை உடையது. ‘விளக்கு மங்கியது’ என்று தமிழர் வழங்கும் வினையோடு உறவுடைய திராவிடச் சொல். ‘திம்ம’ என்பது ஊர்ப்புறத்தில் பரவலான பெயர். திருமலை அப்பனைக் கன்னடர் திம்மப்பன் என்பர், அதன் குறுக்கமே திம்மன். குண்டப்பாவின் தந்தை பெயர் வெங்கடரமணய்யா. அதுவும் அதே மலைத் தெய்வத்தின் பெயர்தான். தந்தை பெயரின் வடமொழி வடிவம் நூலாசிரியரின் தலைப்பெழுத்தில் நிற்க, அதன் நாட்டுப்புற வடிவம் பேதையின் பெயராகி நூலுக்குள் நுழைந்திருக்கிறது. ‘கக்க’ என்பது பொருள் எளிதில் பிடிபடாமல் நீண்டு செல்லும் பேச்சு.

செய்யுளின் ஈற்றில் ஒரு பெயரை முத்திரையாக வைப்பது கன்னடத்தில் நெடுங்கால வழக்கு. வசனகாரர்கள் தம் இறைவன் பெயரை வைத்தனர். பசவண்ணரின் வசனங்கள் கூடலசங்கமதேவனை விளித்து முடியும். மூவடிச் செய்யுளான திரிபதியைப் பாடிய சர்வக்ஞர் ‘சர்வக்ஞ’ என்றே முடித்தார். 2009 ஆகஸ்டு 9 அன்று பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும், 13 அன்று சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டதால் தமிழர் பலரும் இப்பெயரை அறிவர். ‘சர்வக்ஞ’ என்றால் எல்லாம் அறிந்தவன். கன்னட அறநூல் மரபில் மிகப் புகழ்பெற்ற முத்திரை ‘எல்லாம் அறிந்தவன்’ என்றிருக்க, இருபதாம் நூற்றாண்டில் அதே மரபில் எழுதவந்தவர் ‘மந்தன்’ என்று முத்திரை வைக்கிறார். கன்னட வாசகர் செவியில் இந்த எதிரொலி விழாமல் இராது.

இந்த வேடத்தைப் பூண்டவர் உலகம் அறியாதவர் அல்லர். 1887இல் முளுபாகிலில் பிறந்த குண்டப்பா பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலேயே இதழியலுக்கு வந்தவர். 1913இல் பெங்களூரிலிருந்து ‘கர்நாடகா’ என்னும் ஆங்கில இதழை நடத்தத் தொடங்கினார். 1932இல் மடிகேரியில் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்திற்குத் தலைமை தாங்கினார். 1945இல் பொதுவாழ்வுக் கல்விக்கென கோகலே நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பெங்களூர் புல் டெம்பிள் சாலையில் அது இன்றும் இயங்குகிறது. பகவத்கீதைக்கு அவர் எழுதிய விரிவான விளக்கநூலுக்கு 1967இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இந்தக் கடைசிச் செய்தி இங்கு முக்கியமானது. கீதையை விளக்கும் உரையாசிரியராகப் பேசவேண்டியபோது அவர் தம் பெயரிலேயே பேசினார். ‘கக்க’வுக்கு மட்டும் திம்மன் தேவைப்பட்டான். ஆகவே இரண்டு நூல்களும் செய்யும் பணி ஒன்றன்று என்பதை ஆசிரியரே உணர்த்தியிருக்கிறார்.

அப்பணி எது என்பதை நூலின் தொடக்கமே காட்டுகிறது. முதற்செய்யுள் திருமாலைப் பெயர் சொல்லி வணங்கத் தொடங்கினாலும், மக்கள் கண்ணால் காணாமலே அன்பினால் நம்பும் ஒன்றாக அதனை வருணித்து, அந்த விந்தைக்குத் தலைவணங்கச் சொல்லி முடிகிறது. அடுத்துச் சில செய்யுள்களுக்குள்ளாகவே வினாக்கள் அடுக்கப்படுகின்றன: வாழ்வின் பொருள் யாது, உலகின் பொருள் யாது, இரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது, காணப்படாத ஒன்று உண்டா, அறிவுக்கு அளவுகோல் எது? கீதையில் வினவுபவன் சீடன், விடையளிப்பவன் ஆசான். ‘கக்க’வில் அந்த இருவர் இல்லை. கேட்பவனும் திம்மன், சொல்பவனும் திம்மன். நூலின் இறுதிப் பகுதியும், இது தன் மனத்துக்குத் தானே சொல்லிக்கொண்டது என்ற கருத்தையே தெரிவிக்கிறது. ஆசான் இல்லாத இடத்தில் ஐயத்தோடு பேசுவதற்குரிய குரல் எது என்பதே குண்டப்பா எதிர்கொண்ட சிக்கல். பேதையின் குரல் அதற்கு அவர் கண்ட விடை.

அவ்விடை எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு, நூலில் மிகப் பரவலாக அறியப்பட்ட செய்யுள் ஒன்றே போதும். வாழ்க்கையை அது ஜட்கா வண்டியாக உருவகிக்கிறது. விதி அதன் ‘சாகேப்’. மனிதன் குதிரை. திருமண வீட்டுக்கோ சுடுகாட்டுக்கோ, சொன்ன திசையில் ஓடவேண்டியதுதான். கால் இடறினால் தாங்கத் தரை இருக்கிறது என்பது முடிவு.

இதன் பின்னே கடோபநிடதத்தின் தேர் உருவகம் நிற்கிறது. அங்கே உடல் தேர், ஆன்மா அத்தேருக்கு உரியவன், அறிவு தேர்ப்பாகன், மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். மனிதனின் உள்ளீடான ஆன்மா அங்கு அமர்ந்து செல்லும் தலைவன். குண்டப்பா ஒவ்வொரு கூறையும் கீழிறக்குகிறார். அரசர்க்குரிய தேர், பெங்களூர்த் தெருவில் வாடகைக்கு ஓடும் ஜட்காவாகிறது. தலைவனாக அமர்ந்திருந்த மனிதன் கடிவாளத்தின் மறுமுனைக்குப் போய்க் குதிரையாகிறான். பழைய பெங்களூரின் ஜட்கா ஓட்டிகளுள் பலர் முஸ்லிம்கள். தமிழில் ‘சாயபு’ என்பதுபோல் அவர்களை மரியாதையோடு அழைக்கும் சொல்லே ‘சாகேப்’. ஆண்டவன், தலைவன் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஒரே சொல்லில் தெருவும் விண்ணும் சேர்ந்துவிடுகின்றன.

சிரிப்பு இங்கே ஒரு மெய்யியல் வாதத்தைச் செய்கிறது. மனிதன் தன் வாழ்வை ஆளுகிறான் என்னும் உபநிடதப் படிமத்தை மறுத்துத் தருக்க நூல் எழுத வேண்டியதில்லை. தேரை ஜட்காவாக மாற்றினாலே போதும். ஈற்றிலுள்ள ‘தரை’யும் இருபொருள்பட நிற்கிறது. விழுந்தவனைத் தாங்கும் நிலம் என்று ஆறுதலாகவும் கொள்ளலாம். இறுதியில் போய்ச்சேரும் மண் என்றும் கொள்ளலாம். இரண்டுள் எது என்று குதிரைக்குத் தெரியாது. எல்லாம் அறிந்தவனின் முத்திரை இச்செய்யுளுக்குப் பொருந்தாமற் போவது இதனாலேயே.

தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறுகிறது. எள்ளலில் சிரிப்பவர் மேலே நிற்கிறார். சிரிக்கப்படுபவர் கீழே இருக்கிறார். பேதைமையும் மடனும் பிறரிடம் காணப்படும்போது அதே நிலைதான். ஆனால் மடனைத் தன்மீதே ஏற்றிக்கொண்டு பேசுபவன் அந்த உயரத்தை இழக்கிறான். குண்டப்பாவின் நகை இவ்வகையைச் சேர்ந்தது. சிரிப்பையே பொருளாகக் கொண்ட புகழ்பெற்ற செய்யுளிலும், தான் சிரிப்பதையும் பிறரைச் சிரிக்கவைப்பதையும் அவர் அறத்தின் வகைகளாகவே எண்ணி, அதனை வரமாக வேண்டச் சொல்கிறார். பிறரைப் பார்த்துச் சிரிப்பது அவ்வெண்ணிக்கையில் இல்லை.

நகையையும் பொருள்தேடலையும் ஒரே குரலில் இணைப்பது அன்றைய பெங்களூரில் எளிதாகக் கைகூடிய செயல் அன்று. அதே நகரில் வாழ்ந்த டி. பி. கைலாசம் இதற்கு நல்ல சான்று. 1884இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையிலும் லண்டனிலும் நிலவியல் பயின்ற கைலாசம், கன்னட நாடகத்தின் போக்கையே மாற்றியவர். ‘டொள்ளு கட்டி’ முதலிய அவருடைய சமூக நாடகங்களில், நடுத்தர வர்க்க வீடுகளில் வழங்கிய ஆங்கிலம் கலந்த கன்னடம் மேடையேறியது. அவையோர் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டுச் சிரித்தனர். ஆனால் ஏகலைவனையும் கர்ணனையும் பற்றி எழுதவேண்டியபோது அவர் ஆங்கிலத்துக்குச் சென்றார். ‘தி பர்ப்பஸ்’ என்னும் ஆங்கில நாடகத்தில், வில்வித்தையை எதற்காகக் கற்கவேண்டும் என்ற வினாவே மையம். அருச்சுனனுக்கு நிகரற்ற வில்லாளியாக வேண்டும். ஏகலைவனுக்கோ ஓநாய்களிடமிருந்து மான்குட்டிகளைக் காக்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் கன்னடத்தில் சிரித்து, ஆங்கிலத்தில் வாழ்வின் நோக்கத்தைத் தேடினார். 1945இல் சென்னையில் நடந்த கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கிய அவர், மறு ஆண்டு மறைந்தார்.

கைலாசம் இரு மொழிகளுக்குப் பகிர்ந்தளித்ததைக் குண்டப்பா ஒரு செய்யுளுக்குள் வைத்தார். அதற்குரிய விலையையும் அவர் கொடுக்க வேண்டியிருந்தது. பாமரர் பேச்சில் சொன்னதாக நூல் கூறிக்கொண்டாலும், அதன் நடையில் பழங்கன்னட வடிவங்கள் மிகுதி. தமிழ் எதுகைபோல அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் யாப்பும் பேணப்படுகிறது. ஜட்காவும் சாகேபும் அந்த நடைக்குள் வந்து அமரும்போது எழும் உரசலில்தான் நகை பிறக்கிறது. எளிய கன்னடத்தில் மட்டும் எழுதியிருந்தால் அது வேடிக்கைப் பாட்டாகியிருக்கும். பழங்கன்னடத்தில் மட்டும் எழுதியிருந்தால் மற்றுமோர் அறநூலாகியிருக்கும்.

காலச்சூழலும் நோக்கத்தக்கது. நூல் வந்த ஆண்டு உலகப்போரும் வங்கப் பஞ்சமும் நிகழ்ந்த ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மருத்துவர் எம். சிவராம் பெங்களூரில் ‘கொரவஞ்சி’ என்னும் நகைச்சுவை இதழைத் தொடங்கினார். அதே 1942இல் ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த பாரிசில் ஆல்பெர் காம்யுவின் ‘சிசிபஸ் தொன்மம்’ வெளிவந்தது. பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டே இருக்கும் சிசிபஸும், சொன்ன திசையில் ஓடும் ஜட்காக் குதிரையும் ஒருவரையொருவர் அறியாத உறவினர். இருவருக்கும் வேலையின் பொருள் சொல்லப்படவில்லை. காம்யுவின் நாயகன் தன் விதியை ஏளனத்தால் வெல்கிறான். குண்டப்பாவின் குதிரைக்கு அந்தப் பெருமிதமும் இல்லை. இடறி விழுவதற்கான வாய்ப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஓடுகிறது.

இந்நூலின்மீது எழுப்பத்தக்க வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாக் குதிரைகளுக்கும் சுமை ஒரே அளவினது அன்று. பஞ்சத்தில் மடிந்தவரிடமும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவரிடமும் ‘சொன்ன திசையில் ஓடு’ என்றால், அது விதியின் பெயரால் அநீதியை ஏற்கச் சொல்வதாகும். ‘கன்னடத்தின் கீதை’ என்று போற்றி, செய்யுள்களை அறிவுரைகளாகச் சுவரில் மாட்டும்போது இந்த மறுப்பு முழுவதும் பொருந்தும். அங்கே பேசுபவர் ஆசானாகவும் கேட்பவர் பிறராகவும் மாறிவிடுகின்றனர். ‘மங்குதிம்ம’ என்னும் விளி பொருளற்ற முத்திரையாகச் சுருங்கிவிடுகிறது.

அவ்விளியை மீண்டும் விளியாகவே படித்தால் நிலை வேறு. தன் மனத்தைப் பார்த்து ‘மந்தனே’ என்று அழைத்து, நீ குதிரைதான் என்று ஒருவன் சொல்லிக்கொள்வது, அடுத்தவனைக் குதிரையாக இருக்கச் சொல்வதாகாது. ‘குதம்பாய்’ என்று விளித்த குதம்பைச் சித்தரையும், பாம்பை நோக்கிப் பாடிய பாம்பாட்டிச் சித்தரையும் பயிலும் தமிழ் மாணவர், யாரை விளிக்கிறது என்று தெரியாமல் ஒரு செய்யுளின் கருத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதை அறிவர். சித்தர் பாடல்களுக்குப் பயன்படுத்தும் அந்த நெறியை ‘கக்க’வுக்கும் பயன்படுத்தினால், அறிவுரைத் தொகுப்பு என்று எண்ணப்படும் நூலுக்குள்ளிருந்து, தன்னைத்தானே கேட்டும் தன்னைப் பார்த்துச் சிரித்தும் விடை தேடும் ஒரு மனிதன் வெளிப்படுவான். அவனுக்குக் குண்டப்பா இட்ட பெயர் திம்மன். அவன் பேச்சைப் பிதற்றல் என்றும் அவரே சொல்லிவைத்தார்.